மேர்க்லின் எச்.ஓ. ஸ்விஸ் முதலை இஞ்சின்: திருமலை வீட்டு மேசையில ஓட்டிப் பாத்திட்டு எழுதுறன்

முதல்லயே விசயத்தைச் சொல்லிப்போடுறன். மேர்க்லின் எண்ட ஜெர்மன் கம்பெனி செய்த ஸ்விஸ் முதலை, அதாவது ஸ்விஸ்ல கரண்டில ஓடின ஒரு பழைய இஞ்சின்ட மாடல், எச்.ஓ. அளவு, உண்மையானதில 87ல ஒரு பங்கு, இவ்வளவு காசு குடுத்து வாங்கலாமோ எண்டு கேட்டா வாங்கலாம். ஆனா கண்ணாடி அலுமாரிக்குள்ள வச்சு வாறவைக்குக் காட்டுறதுக்கு எண்டா வாங்காதேங்கோ, அதுக்கு இதைவிட மலிவா வடிவான சாமான் கன இருக்கு. இது ஓடவேணும், அதுவும் எறும்பு ஊர்ற மாதிரி மெதுவா ஓடவேணும், நீங்க பக்கத்தில குனிஞ்சு இருந்து அந்தச் சக்கரத் தண்டுகள் போய்வாறதைப் பாக்கவேணும், அப்பத்தான் குடுத்த காசு எங்க போயிருக்கு எண்டு விளங்கும்.

எச்.ஓ. எண்டா என்ன எண்டு தெரியாத ஆக்களுக்கு ஒரு சின்ன விளக்கம். ஐரோப்பாவில பொதுவா இருக்கிற தண்டவாளம் 1435 மில்லிமீட்டர் அகலம், அதை 87ஆல பிரிச்சா 16.5 மில்லிமீட்டர், அதுதான் இந்தத் தண்டவாளம். எங்கட இலங்கைத் தண்டவாளம் அதைவிட அகலம், இந்தியாவில இருக்கிற அதே 1676 மில்லிமீட்டர், அதை இந்த அளவுக்குச் சின்னனாக்கினா 19 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட வரும், அதால எங்கட கோச்சியை அளவு பிசகாம இந்தத் தண்டவாளத்தில ஓட்ட ஏலாது. எனக்கு அதில சரியான கவலைதான், ஆனா அது வேற கதை.

திருமலையில வளந்த உனக்கு கரண்ட் இஞ்சினில என்ன இவ்வளவு ஆசை எண்டு கன பேர் கேக்கினம். உண்மைதான், எங்களுக்குத் தெரிஞ்சது டீசல். கல்ஓயாச் சந்தியில பிரிஞ்சு கந்தளாய், தம்பலகாமம், சீனக்குடா எண்டு வந்து கடலுக்குக் கிட்ட முடியிற எங்கட லைன் 1927ல திறந்தது, முதல்ல நீராவி, பிறகு டீசல், மேல கம்பி இழுத்து ஓடுற கோச்சி இண்டைவரைக்கும் நாட்டில எந்த லைனிலயும் இல்லை (கொழும்பில முந்தி ஓடின ட்ராமைச் சேக்காம). ஆனா கனடா குடுத்த எம்2 இஞ்சின் இருக்கெல்லோ, 1954ல இருந்து வந்தது, ஒன்டாரியோ, அல்பேர்ட்டா எண்டு அந்த நாட்டு மாகாணப் பேரெல்லாம் எழுதியிருக்கும், அதிலயும் கடைசியா சக்கரத்தைச் சுத்துறது மின் மோட்டர்தான். டீசல் இஞ்சின் ஜெனரேட்டரைச் சுத்தும், ஜெனரேட்டர் கரண்ட் குடுக்கும், மோட்டர் சக்கரத்தைச் சுத்தும். அதாவது அது தன்ட பவர் ஹவுஸையும் சேத்துச் சுமந்துகொண்டு ஓடுற இஞ்சின். அந்தப் பவர் ஹவுஸை இறக்கி மலையடியில வச்சிட்டு, கரண்டை மட்டும் கம்பியால எடுத்தா இஞ்சினுக்கு எவ்வளவு பாரம் குறையும், எவ்வளவு பலம் கூடும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. எனக்கு ஸ்டேஷனில எம்2 உறுமிக்கொண்டு நிக்கிறதைப் பாக்கேக்க எல்லாம் இந்த யோசினைதான் வரும்.

சரி, உண்மையான முதலையைப் பற்றிச் சொல்லாம மாடலைப் பற்றிக் கதைக்கிறதில பிரயோசனமில்லை, ஏனெண்டா மாடலில நீங்க காசு குடுக்கிற ஒவ்வொரு பாகத்துக்கும் அங்க ஒரு காரணம் இருக்கு.

ஸ்விஸ்ல கொத்தார்ட் மலைப்பாதை 1882ல திறந்தது. நடுவில 15 கிலோமீட்டர் சுரங்கம், ரெண்டு பக்கமும் ஏத்தம், 1000 மீட்டர் போறதுக்குள்ள 26, 27 மீட்டர் ஏறும். எங்கட மலைநாட்டு லைன் 44க்கு 1, கணக்குப் பாத்தா 1000க்கு 23 மாதிரி வரும், அதைவிட இது செங்குத்து. வாஸன் எண்ட ஊரில பாதை மலைக்குள்ள சுத்திச் சுத்தி ஏறுறதால அந்த ஊர்த் தேவாலயத்தைக் கோச்சிக்குள்ள இருந்து மூண்டு தரம், மூண்டு வேற உயரத்தில பாக்கலாம். தெமோதரையில ஸ்டேஷனுக்குக் கீழால கோச்சி சுரங்கத்துக்குள்ள போறதைப் பாத்த ஆக்களுக்கு நான் சொல்லுறது உடன பிடிபடும். இவ்வளவு ஏத்தத்தையும் நிலக்கரி எரிச்சுத்தான் ஏறினவை. கரண்டுக்கு மாத்துற யோசினை முதலே இருந்தது, முதலாம் உலக யுத்தம் வந்து வெளியில இருந்து வாற நிலக்கரி குறைஞ்சு விலையும் ஏறினதோட அதைக் கெதிப்படுத்தினம். அவையிட்ட நிலக்கரி இல்லை, மலையில இருந்து விழுற தண்ணி தாராளமா இருக்கு. ரிட்டோம், ஆம்ஸ்டெக் எண்டு ரெண்டு நீர்மின் நிலையத்தை றெயில்வேக்கெண்டே கட்டி, 1920க்கும் 1922க்கும் இடையில கொத்தார்ட் பாதை முழுக்க கரண்டுக்கு மாறினது. இதே காலத்தில, 1918ல, எங்கட எஞ்சினியர் விமலசுரேந்திரா இலங்கையில நீர்மின்சாரம் எடுக்கிறதைப் பற்றி பொறியியலாளர் சங்கத்தில கட்டுரை வாசிச்சவர். லக்சபான கரண்ட் வந்தது 1950ல. அவருக்கு அந்த நேரமே காது குடுத்திருந்தா எண்டு நினைச்சா எனக்கு இப்பவும் மனம் தாங்குறேல்லை.

அந்தப் பாதையில சாமான் கோச்சி இழுக்கிறதுக்கெண்டு செய்த இஞ்சின்தான் முதலை. உடம்பும் சக்கரமும் செய்தது வின்டர்தூர் ஊர் எஸ்.எல்.எம். கம்பெனி, மின்சாரப் பகுதி ஓர்லிகோன் கம்பெனி. 1919ல இருந்து 1922 வரைக்கும் 33 இஞ்சின், பிறகு 1926, 27ல கொஞ்சம் மாத்தி இன்னொரு 18. நீளம் 19.4 மீட்டர், பாரம் 128 தொன். அதிகாரப் பேர் சி.ஈ. 6/8, இதில 6/8 எண்டா மொத்தம் 8 அச்சில 6 அச்சு இழுக்கும், ஈ எண்டா எலெக்ட்ரிக், சி எண்டா மணிக்கு 65 கிலோமீட்டருக்கு மேல போகாத வகை. 1940களில 13 இஞ்சினைப் பலம் கூட்டி 75 ஓடுற மாதிரி மாத்தினதும் சி போய் பி ஆனது. ரெண்டாம் கை மாடல் வாங்குறவை இதைக் கவனிக்கவேணும், ஏனெண்டா சி.ஈ. எண்டு எழுதினதும் பி.ஈ. எண்டு எழுதினதும் வேற வேற காலத்து இஞ்சின், அதுக்குப் பின்னால கட்டுற பெட்டியும் அந்தந்தக் காலத்துக்கு ஏத்ததா இருந்தாத்தான் வடிவு.

உடம்பு மூண்டு துண்டு. நடுவில வீடு மாதிரி ஒரு பகுதி, அதுக்குள்ள ட்ரான்ஸ்ஃபோமர், ரெண்டு பக்கமும் ட்ரைவர் நிக்கிற இடம். முன்னுக்கும் பின்னுக்கும் நீட்டா மூக்கு, அதுக்குள்ள மோட்டர், மூக்கு ஒவ்வொண்டுக்கும் தனிச் சட்டம், தனிச் சக்கரம். வளைவு வந்தா மூக்கு வளைஞ்சு குடுக்கும், நடு உடம்பு பின்னால இழுபட்டு வரும். பச்சை நிறத்தில நீட்டு மூக்கோட வளைஞ்சு வாற சாமானுக்கு முதலை எண்டு பேர் வச்சதில ஆச்சரியம் இல்லை.

மேல கம்பியில 15,000 வோல்ட், ஆனா எங்கட வீட்டுக் கரண்ட் மாதிரி செக்கனுக்கு 50 சுற்று இல்லை, அதில மூண்டில ஒரு பங்கு, 16 2/3. அந்தக் காலத்துப் பெரிய மோட்டருக்கு 50 சுற்றுக் கரண்டைக் குடுத்தா கம்யூட்டேட்டரில, அதுதான் கார்பன் பிரஷ் உரசுற இடத்தில, பொறி பறந்து எரிஞ்சு போகும். சுற்றைக் குறைச்சா பொறியும் குறையும். அதால இண்டைக்கு வரைக்கும் ஸ்விஸ், ஜெர்மனி, ஒஸ்ட்ரியா றெயில்வேக்குத் தனிக் கரண்ட் ஓடுது, நூறு வருசத்துக்கு முதல் ஒரு மோட்டர்ட பிரச்சினைக்கு எடுத்த முடிவு மூண்டு நாட்டை இப்பவும் கட்டிவச்சிருக்கு. இறங்கேக்க மோட்டரே ஜெனரேட்டராகி இஞ்சினைப் பிடிக்கும், அந்தக் கரண்ட் திரும்பக் கம்பிக்குப் போகும், ஓர்லிகோன்காரர் 1919லயே அதைச் செய்துபோட்டினம்.

இப்ப தண்டுக்கு வாறன், எனக்கு இந்த இஞ்சினிலயே இதுதான் பிடிச்சது. இப்பத்தை இஞ்சினில ஒவ்வொரு அச்சுக்கும் ஒரு மோட்டர், பெட்டிக்குக் கீழ ஒளிஞ்சு கிடக்கும், வெளியில ஒண்டும் தெரியாது. 1919ல அவ்வளவு பலத்தை அவ்வளவு சின்ன மோட்டருக்குள்ள அடக்க ஏலாது, மோட்டர் பெரிசு, பாரம், அதை அச்சில நேரா தொங்கவிட்டா தண்டவாளத்தையே உடைச்சுப்போடும். அதால மோட்டரை மேல சட்டத்தில, ஸ்பிரிங்குக்கு மேல வச்சினம். மூக்கு ஒண்டுக்கு ரெண்டு மோட்டர், ரெண்டும் பல்சக்கரத்தால சக்கரம் பூட்டாத ஒரு அச்சைச் சுத்தும், அந்த அச்சில இருந்து முக்கோணமா ஒரு பெரிய தண்டு, அதில இருந்து மூண்டு சக்கரத்தையும் சேத்துக் கட்டின தண்டு. நீராவி இஞ்சினில இருக்கிற மாதிரியே தண்டு, ஆனா புகையும் இல்லை, பிஸ்டனும் இல்லை. மூண்டு சக்கரமும் தண்டால கட்டுப்பட்டுக் கிடக்கிறதால ஒண்டு மட்டும் தனிய வழுக்கிச் சுத்தாது, மழை நேரம் ஏத்தத்தில இது பெரிய உதவி. பிறகு வந்த 18 இஞ்சினில முக்கோணம் இல்லை, சரிவான ஒரு தண்டு, மாடலிலயும் அதைப் பாத்தே எந்த வகை எண்டு சொல்லிப்போடலாம். 1952ல ஏ.ஈ. 6/6 எண்டு அச்சுக்கு ஒரு மோட்டர் வச்ச இஞ்சின் வரத் தொடங்கினதும் முதலைகளை கொத்தார்டில இருந்து சமவெளிக்கு இறக்கினவை, அப்பவும் 1980கள் வரைக்கும் வேலை செய்தது.

ஸ்விஸ்ல லுசேர்ன் நகரத்தில இருக்கிற பெரியப்பாட மகன், எங்கட அண்ணா, அங்கத்தைப் போக்குவரத்து மியூசியத்துக்குப் போய் வீடியோ கோல்ல எனக்கு உண்மையான முதலையைக் காட்டினவர். திருமலையில வீட்டுக்கு ஒராள் வெளிநாட்டில இருக்கிற காலம், ஆனா சொக்லேட்டும் சென்ட்டும் கேக்காம தண்டுக்குக் கிட்டப் போய் ஃபோனைப் பிடியுங்கோ எண்டு கேட்டது நானாத்தான் இருக்கும் எண்டு சொல்லிச் சிரிச்சார். அந்தத் தண்டு அவற்ற தொடையளவு மொத்தம். அதைப் பாத்த பிறகுதான் மாடல் வாங்குறது எண்டு முடிவானது, இஞ்சினை அவரே ரெண்டாம் கையில, பெட்டி, புத்தகம் எல்லாத்தோடயும் தேடி எடுத்தார்.

இப்ப மாடல். கையில எடுத்ததும் முதல்ல தெரியிறது பாரம். சட்டமும் உடம்பும் உலோகம், பிளாஸ்டிக் மாதிரி டொக்கு டொக்கு எண்டு சத்தம் வராது. 19.4 மீட்டரை 87ஆல பிரிச்சா 22 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல, கிட்டத்தட்ட அந்த நீளம்தான் இருக்கு. கைபிடிக் கம்பிகள் தனித்தனியா உலோகத்தில செருகியிருக்கு, மூக்கில இருக்கிற காத்துத் துவாரத்தில ஒவ்வொரு தகடும் தெரியும், எஸ்.பி.பி. (ஸ்விஸ் றெயில்வேட சுருக்கப் பேர்) எண்ட எழுத்தையும் இலக்கத்தையும் வெறுங்கண்ணால வாசிக்கலாம், அதுக்குக் கீழ இருக்கிற பொடி எழுத்தை வாசிக்க எனக்கு பூதக்கண்ணாடி தேவைப்பட்டது, வாசிக்க ஏலும், எழுத்து பிசிறேல்லை. கூரையில ரெண்டு பன்டோகிராஃப், கம்பியைத் தொடுற அந்தச் சட்டம், ஸ்பிரிங் வச்சது, என்னட்ட இருக்கிறதில கையால உயர்த்தவேணும். விரலால தட்டாம, ஒரு மெல்லிய குச்சியால உயர்த்துங்கோ, வளைஞ்சா நிமித்துறது பெரிய பாடு.

ஓட்டம்தான் விசயம். உள்ளுக்க நடுவில ஒரு மோட்டர், ஓட்டத்தைச் சீரா வைக்கிற ஃப்ளைவீல் எண்ட பாரச் சக்கரத்தோட, அதில இருந்து ரெண்டு பக்கமும் வளைஞ்சு குடுக்கிற கார்டான் தண்டு போய் ரெண்டு மூக்குச் சக்கரத்தையும் சுத்துது. உண்மையான இஞ்சினில பலம் போறது வெளித் தண்டால, இதில பலம் போறது உள்ளுக்க இருக்கிற பல்சக்கரத்தால, வெளித் தண்டு கூடச் சேந்து சுத்துது அவ்வளவுதான். இதைக் குறையா நான் சொல்லேல்லை, இந்த அளவில இது நியாயமான வழி. கவனிக்கவேண்டியது என்னெண்டா அந்தத் தண்டு எங்கயாவது இழுபடுதோ, இறுகுதோ எண்டுறது, மலிவான மாடலில மெதுவா ஓட்டேக்க ஒவ்வொரு சுத்துக்கும் ஒருக்கா தயங்கும், பாக்கிறவைக்கு நொண்டுற மாதிரி இருக்கும். இதில கொன்ட்ரோலை ஆகக் குறைஞ்ச இடத்தில வச்சா சக்கரம் அசையுதோ இல்லையோ எண்ட வேகத்தில ஒரே சீரா போகுது. முக்கோணத் தண்டு மேல எழும்பி, ஒரு கணம் உச்சியில நிண்டு, முன்னுக்குச் சரிஞ்சு இறங்குது, பின் மூக்கில இருக்கிறது அதோட சேராம தன்பாட்டுக்கு வேற இடத்தில நிக்குது, ரெண்டும் ஒண்டையொண்டு பிடிக்கப் பாக்கிற மாதிரி ஓடிக்கொண்டே இருக்கு. என்ட மருமகன், எட்டு வயசுப் பெடியன், ஃபோனையே கீழ வைக்காதவன், மேசை விளிம்பில நாடியை வச்சு அரை மணித்தியாலம் பாத்துக்கொண்டு இருந்திட்டு, "மாமா, இந்தக் கம்பி சக்கரத்தைத் தள்ளுதா இல்ல சக்கரம் கம்பியைத் தள்ளுதா" எண்டு கேட்டான். இதைவிட நல்ல கேள்வி ஒருத்தரும் என்னட்டக் கேக்கேல்லை.

லைட் ஸ்விஸ் முறைப்படி, முன்னால மூண்டு வெள்ளை, பின்னால ஒரே ஒரு வெள்ளை, திசை மாத்தினா தானா மாறும். சத்தமும் இருக்கு, விசில், காத்துப் பம்ப், விசிறி, தண்டு அடிக்கிற சத்தம், பிரேக் கீச்சிடுறது. விசில் நல்லா இருக்கு. ஆனா தீப்பெட்டியைவிடச் சின்ன ஸ்பீக்கருக்குள்ள இருந்து 128 தொன் இஞ்சின்ட அதிர்வை எதிர்பாக்க ஏலாது, எந்த மாடலிலயும் ஏலாது. நான் பாதி நேரம் சத்தத்தை நிப்பாட்டிப்போட்டுத்தான் ஓட்டுறன், சக்கரம் தண்டவாள மூட்டில போற இயற்கையான சத்தமே எனக்குக் காணும்.

இடம். புத்தகத்தில 360 மில்லிமீட்டர் வளைவில ஓடும் எண்டு போட்டிருக்கு, ஓடுது, தடம் புரளேல்லை. ஆனா கணக்குப் பாருங்கோ, கொத்தார்டில இறுக்கமான வளைவு கிட்டத்தட்ட 300 மீட்டர், 87ஆல பிரிச்சா மூண்டரை மீட்டர். நாங்க அதில பத்தில ஒரு பங்கில வளைக்கிறம். அதால 360 வளைவில மூக்கு அப்பிடியே வெளியால திரும்பி நிக்கும், மூக்குக்கும் நடு உடம்புக்கும் இடையில இடைவெளி பல்லிளிக்கும். ஆகக்குறைஞ்சது அதைவிட ஒரு ரெண்டு அளவு பெரிய வளைவு போடுங்கோ. என்ட மேசை உப்புவெளி வீட்டு முன் ஹோல்ல அரைவாசியைப் பிடிச்சிட்டுது, அம்மா ஒண்டும் சொல்லேல்லை எண்டதுக்கு நான் நன்றி சொல்லவேணும்.

மேர்க்லின் முறை எல்லாரும் செய்யிற மாதிரி ரெண்டு தண்டவாளத்தில ரெண்டு கரண்ட் இல்லை. நடுவில சிலிப்பர் கட்டையில சின்னச் சின்ன உலோகப் புள்ளி இருக்கு, இஞ்சினுக்குக் கீழ நீட்டா ஒரு சறுக்கி அதைத் தொட்டுக்கொண்டு வரும், வெளித் தண்டவாளம் ரெண்டும் திரும்பிப் போற வழி. பாக்கிறதுக்கு அந்தப் புள்ளி கொஞ்சம் கண்ணில குத்தும், உண்மை. நன்மை என்னெண்டா தண்டவாளம் சுத்தி வந்து தன்னிலயே சேர்ற மாதிரிப் போட்டாலும் ஷோர்ட் ஆகாது, சக்கரத்தில கொஞ்சம் ஊத்தை பிடிச்சாலும் மற்றச் சக்கரம் பிடிச்சுக்கொள்ளும், கடற்கரை ஊரில இது பெரிய விசயம். ரெண்டு தண்டவாள முறைதான் வேணும் எண்டவைக்கு அதே குடும்பத்தில ட்ரிக்ஸ் எண்ட பேரில முதலை வந்திருக்கு. வாங்கேக்க எது எண்டு கேட்டு வாங்குங்கோ, ஒண்டு மற்றதில ஓடாது.

கொன்ட்ரோலுக்கு மொபைல் ஸ்டேஷன் எண்ட கைப்பெட்டி, இஞ்சினுக்குள்ள கட்டளையை வாங்கிற எம்.எஃப்.எக்ஸ். டிகோடர் இருக்கிறதால இஞ்சினைத் தண்டவாளத்தில வச்சதும் பேரும் படமும் தானா திரையில வந்திட்டுது, நான் ஒண்டும் அடிக்கேல்லை. ஐரோப்பாவிலயும் இங்கயும் 230 வோல்ட், 50 சுற்று எண்டதால பவர் சப்ளையில பிரச்சினை இல்லை, பிளக்தான் எங்கட சுவரில போகாது, நல்ல அடப்டரா வாங்குங்கோ, சந்தியில விக்கிற ஆடுற அடப்டர் வேண்டாம். கரண்ட் போய்ப் போய் வாற நேரத்தில கழட்டி வைக்கிறது புத்தி, கூடவே சேர்ஜ் காப்புள்ள எக்ஸ்டென்ஷன் ஒண்டும்.

இஞ்சின் ஊருக்கு வந்த ஒராள்ட கைப்பையில பத்திரமா வந்தது. தண்டவாளத்தை கடல் கார்கோவில போட்டம், அது எப்ப வரும் எண்டு கேட்டா ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு பதில், கடைசியில பெட்டி ஒரு மூலை நசுங்கி வந்தது, நாலைஞ்சு துண்டில இணைக்கிற நாக்கு உடைஞ்சு போச்சு, ஒருத்தரும் பொறுப்பெடுக்கேல்லை. ஆகவே இஞ்சினை ஒருநாளும் கார்கோவில போடாதேங்கோ, தண்டவாளத்தை எண்டாலும் உடுப்புக்கு நடுவில வச்சு அனுப்பச் சொல்லுங்கோ.

எங்கட ஊருக்கு எண்டு சில விசயம் சொல்லவேணும், இதை ஜெர்மன் புத்தகத்தில எழுதமாட்டினம். வாடைக்காத்து நேரம் வீடு முழுக்க ஈரம், கச்சான் காத்து நேரம் புழுதி, எப்பவும் உப்பு. தண்டவாளம் மங்கிப்போகும், அதை மணல் தாளால உரசாதேங்கோ, கீறல் விழுந்தா அதுக்குள்ள இன்னும் ஊத்தை சேரும். ஐசோபுரொப்பைல் அற்ககோல் ஃபார்மசியில எடுக்கலாம், பருத்தித் துணியில தொட்டுத் துடைச்சா காணும். ஓட்டி முடிஞ்சா இஞ்சின் திரும்பப் பெட்டிக்குள்ள, சிலிக்கா ஜெல் பக்கட் ரெண்டு மூண்டோட. எண்ணெய் ஊசி முனையால ஒரு சொட்டு, தண்டு மூட்டுக்கு அதிலும் குறைய. தேங்காய் எண்ணெயைக் கிட்டவும் கொண்டு போகாதேங்கோ, காஞ்சு பசை மாதிரிப் பிடிச்சுக்கொள்ளும். சக்கரத்தில ரப்பர் வளையம் இருக்கு, எங்கட வெக்கைக்கு அது கெதியா இறுகும், ஒண்டு ரெண்டு ஸ்பேர் சேத்து எடுப்பியுங்கோ.

பழைய முதலை தேடுற ஆக்களுக்கு இன்னொண்டு. மேர்க்லின் இந்தச் சின்ன அளவில முதலையை 1947லயே செய்து வித்திருக்கு, இண்டைக்கும் அந்தப் பழசுகள் கைமாறுது, விலையும் குறைவில்லை. எந்தக் கம்பெனிட பழைய சாமானா இருந்தாலும் துத்தநாக வார்ப்பு எண்டா ஒரு வருத்தம் இருக்கு, வாக்கிற நேரம் அதுக்குள்ள ஈயம் மாதிரி அசுத்தம் கலந்திருந்தா வருசக்கணக்கில உள்ளுக்கால அரிச்சு, வீங்கி, வெடிச்சு, கடைசியில பிஸ்கட் மாதிரி உதிரும். ஈரமும் வெக்கையும் சேந்தா இன்னும் கெதியா. மருந்து கிடையாது. ஆகவே படத்தைப் பாத்து மட்டும் வாங்காம, சட்டத்தில மயிரளவு வெடிப்பு இருக்கோ, மூக்கு நேரா இருக்கோ எண்டு கிட்டவா ஃபோட்டோ கேளுங்கோ. எங்கட காலநிலைக்கு நான் புதுசைத்தான் சொல்லுவன்.

இதுக்கு மேலயும் ஒரு உலகம் இருக்கு, பித்தளையில கையால செய்த மாடல்கள், ஸ்விஸ்ல ஃபுல்குரெக்ஸ், லெமாக்கோ எண்ட பேரில வந்தது. விலை பல மடங்கு. சாலிடர் பிடிச்ச ஒவ்வொரு ஆணியும் தெரியும், படத்தில பாத்தாலே மூச்சு நிக்கும். ஆனா பித்தளை முதலைக்குப் பெரிய வளைவு வேணும், பொறுமையான கை வேணும். நான் சொன்ன மாதிரி ஓட்டுறதுக்கு எண்டா மேர்க்லின் காணும், எட்டு வயசுப் பெடியனும் ஓட்டலாம்.

விலையை மறைக்கிறதில அர்த்தமில்லை. புதுசு எண்டா 500 யூரோவுக்கு மேல, எங்கட காசில ஒண்டரை லட்சத்தைத் தாண்டும், தண்டவாளமும் கொன்ட்ரோலும் தனி. ரெண்டாம் கையில குறைஞ்சு எடுக்கலாம். லீசிங் போட்டு வாங்குற சாமான் இல்லை இது, பிள்ளையள்ட செலவு, வீட்டுச் செலவு எல்லாம் போக ஒதுக்கின காசு இருந்தா மட்டும். காசு இல்லாத பெடியங்கள் தொடங்குறதுக்கு ரெண்டு அச்சுள்ள சின்ன இஞ்சினோட ஒரு வட்டம் போட்டாலே சந்தோசமா ஓட்டலாம், முதலை ஓடிப்போகாது.

இந்தியாப் பக்கம் போறவை இருந்தா ஒரு வேண்டுகோள். இதே எஸ்.எல்.எம். வழி வந்த முதலை அங்கயும் ஓடினது, டபிள்யூ.சி.ஜி.1 எண்டு பேர், 1928ல இருந்து மும்பையில இருந்து பூனே போற பக்கம் போர் காட் ஏத்தத்தில சாமான் கோச்சி இழுத்தது, 1500 வோல்ட் நேர்க் கரண்ட், அதே நீட்டு மூக்கு, அதே தண்டு. அதில ஒண்டு டெல்லி றெயில்வே மியூசியத்தில நிக்குது, எங்கட அதே அகலத் தண்டவாளத்தில. சக்கரத்துக்குக் கிட்டப் போய் தண்டைப் பாருங்கோ.

கடைசியா பெட்டி. முதலைக்குப் பின்னால பளபளக்கிற பயணிகள் பெட்டியைக் கட்டாதேங்கோ. நாலு அச்சு எண்ணெய்த் தாங்கியும் வேண்டாம். ரெண்டு அச்சு மூடின சாமான் பெட்டி, பழுப்பு நிறம், ஒரு பத்தாவது இருந்தாத்தான் இஞ்சின்ட பலம் கண்ணில தெரியும். நான் இப்போதைக்கு ஆறு வச்சிருக்கிறன், மிச்சத்தை அண்ணா தைப்பொங்கலுக்கு வரேக்க கொண்டு வாறன் எண்டிருக்கிறார்.